இருபத்துமூன்றரை போட்ட கோடு

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பூமி சாய்ந்திருப்பதைத் தன் சொந்தக் கவலையாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒருத்தர்தான் தேறுவார். அவர்தான் இருபத்துமூன்றரை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

கார் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ், அவர் இன்ஸ்பெக்டர். மயிரிழை பிசகினாலும் சிவப்பு அட்டை கட்டித் தூக்கி எறிவார். "இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க சார்" என்று மேனேஜரே கெஞ்சிப் பார்த்தார். "இல்லாத அளவை எழுதினா என் கை அழுகிடும் சார்" என்றார் இவர். முப்பது வருஷத்தில் ஒரு பொய் ரீடிங் கிடையாது.

கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் கிடைத்தால் அன்றைக்கு ராசிபலன் சரியில்லை என்று அர்த்தம். "டிசம்பர்ல சூரியன் தள்ளிப் போயிடுது, அதான் குளிருது" என்று தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். பெருங்களத்தூரில் பிடித்தவர் கூடுவாஞ்சேரி தாண்டியும் விடவில்லை.

"தூரம் இல்லய்யா, சாய்வு! ஜனவரியிலதான் பூமி சூரியனுக்குக் கிட்டவே போகுது. இருபத்துமூணரை டிகிரி சாஞ்சே சுத்துது. ஜூன் இருபத்தொண்ணு வாக்குல வடக்குப் பாதி சூரியன் பக்கம் சாயும். நமக்கு நீளப் பகல். டிசம்பர் இருபத்திரண்டு வாக்குல தெற்குப் பாதி. ஆஸ்திரேலியாக்காரனுக்கு நீளப் பகல், நமக்குக் குட்டைப் பகல். அன்னியோட சூரியன் வடக்கே திரும்பிடும்."

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "இன்னா சார், ஜி.எஸ்.டி. ரோடே சாஞ்சுகினுதான் கீது. அத்தக் கேக்க ஆளில்ல."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த டிசம்பரில் நான் சிரித்தது அத்தோடு சரி.

அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வலியில் துடித்தாள், ஆனால் போக மாட்டேன் என்றாள். தட்சிணாயனத்தில் செத்தால் நல்ல கதி இல்லையாம். பஞ்சாங்கப்படி சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் தை ஒன்றாம் தேதிதான். அதுவரை தாக்குப்பிடிக்கக் குமட்டக் குமட்டக் கஞ்சி குடித்தாள். இன்னும் மூன்று வாரம் இந்தச் சித்திரவதையா என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்ட இருபத்துமூன்றரை, டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி பர்மிஷன் போட்டுவிட்டு நேரே சேலையூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, தை ஒண்ணுங்கிறது பழைய கணக்கு. சூரியன் இன்னைக்கே திரும்புது."

"ஏம்பா, நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன். உனக்கு எதுக்கு எங்க உத்தராயணம்?"

"பூமி எனக்கும் சேர்த்துத்தானம்மா சாஞ்சிருக்கு."

தெற்கு ஜன்னல் வழியாக உச்சி வெயில் கட்டிலருகே தரையில் விழுந்திருந்தது. அதன் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். "சூரியன் வடக்கே ஏற ஏற வெயில் ஜன்னல் பக்கம் பின்வாங்கும். பத்து நாள்ல ஒரு விரக்கடை. நீங்களே பாருங்க."

"என் பொண்ணு மெல்பர்ன்ல இருக்காளே, அவளுக்கு?"

"அங்க இன்னையிலிருந்து பகல் குறையும்மா. சூரியன் அவங்களை விட்டுட்டு நம்மகிட்ட வருது."

"கண்ணால பார்த்தா நம்பறேன்" என்றாள் அம்மா.

மறுநாளே மேகம் மூடிக்கொண்டது. பத்து நாளும் வெயிலே இல்லை. அம்மா கண் விழிக்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தாள். வலி கூடிக்கொண்டே போனது.

புத்தாண்டுப் பூசை முடிந்து இருபத்துமூன்றரை வந்தார். மத்தியானம் பன்னிரண்டு பத்து. வெளியே தூறல். மருந்து மயக்கத்தில் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பழைய கோட்டிலிருந்து ஒரு விரக்கடை ஜன்னல் பக்கமாக இன்னொரு கோடு போட்டார்.

"சார், வெயிலே இல்லையே!"

"கம்முனு இரு." மார்க்கரை மூடினார். "சூரியன் திரும்பினது நிஜம். ரீடிங்தான் பொய்."

அம்மாவை மெல்ல எழுப்பிக் காட்டினார். நீங்கள் தூங்கும்போது ஒரு நிமிஷம் வெயில் வந்து போனது என்றார்.

"திரும்பிட்டானா?"

"பத்து நாள் ஆச்சும்மா."

"அடப்பாவி, அப்ப நான் எதுக்கு இப்படிக் கிடக்கேன்?" என்றாள் அம்மா. அன்று சாயங்காலம் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடியற்காலை, முகம் சுளிக்காமல் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை இருபத்துமூன்றரை போன் செய்தார். "தம்பி, சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணணும். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, வர்றியா?"

போனேன். தன் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் மரக்கூண்டுக்குள் போனார். ஐந்து நிமிஷ வேலை. அரை மணி ஆகியும் ஆள் வரவில்லை. வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. "தூரம் இல்ல ஃபாதர், சாய்வு! சாய்வு!"

வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் பொறுமை இழந்து என்னிடம் கேட்டார். "ஏங்க, உள்ள போனவரு கொலை கிலை பண்ணிட்டாரா?"

"இல்லக்கா. எங்கம்மாவுக்காக ஒரே ஒரு பொய் சொன்னாரு."

அந்த அம்மாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். நானும் ஹெல்மெட்டை அணைத்துக்கொண்டு நின்றேன். பொங்கல் வரை பேசட்டும், இங்கேயே நிற்கிறேன் என்று இருந்தது எனக்கு.