பசுவுக்குக் கால்சட்டை

படத்தில் இருக்கும் பசு ஆடையின்றி நிற்கிறது என்று ஆப் ஸ்டோரிலிருந்து பதில் வந்திருந்தது.

டாக்டரம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறுவதாக இல்லை.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. பசு துணி போடலையாம்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"எந்தப் பசு?"

"நம்ம ஆப்ல இருக்கற பசு. நிர்வாணமா இருக்காம். அதனால அனுமதி இல்லையாம்."

வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். பசு எப்போதும்போல் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா கால்நடை மருத்துவர். சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். கன்று ஈனும் காலம் வந்துவிட்டால் ஒரே சமயத்தில் நாலு திசையிலிருந்து கூப்பிடுவார்கள். போன பருவத்தில் ஒரு இளம்பசுவுக்கு வலி எடுத்து, அவர் போய்ச் சேருவதற்குள் மாட்டுக்காரர்கள் பதறிப்போய்க் கன்றைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். தாயும் போயிற்று, கன்றும் போயிற்று. அன்றைக்கு வீடு திரும்பியவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். புரோகிராம் எழுதிப் பிழைக்கும் வீட்டுக்காரர்தான் சொன்னார், "நீ போற வரைக்கும் அவங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு சொல்ற மாதிரி ஒரு ஆப் பண்ணிடலாம்" என்று.

அப்படிப் பிறந்ததுதான் அது. பிரசவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம், டாக்டரம்மாவின் குரலில் ஒரு விளக்கம். எல்லாம் கைமீறினால் அழுத்துவதற்குச் சிவப்பாக ஒரு பொத்தான். அழுத்தினால் டாக்டரம்மாவின் போன் அடிக்கும்.

இந்தப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆப் ஸ்டோரோ வாரக்கணக்கில் ஆற அமர உட்கார்ந்து பார்த்துவிட்டு, பசுவுக்குத் துணி கேட்டது.

"இது மிஷின் பண்ற வேலையா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். "அதுகூட மல்லுக்கட்ட முடியாது. துணிதானே கேக்கறான், போட்டு விட்டுடலாம்."

"பசுவுக்கா?"

"படத்துல தானேம்மா. ஒரு கால்சட்டை வரைஞ்சுடறேன். முன்னங்காலுக்கா, பின்னங்காலுக்கா?"

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பல வருஷம் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கடைசியில் பின்னங்காலுக்கு நீலக் கால்சட்டை போட்டுவிட்டார்கள். வாலுக்கு ஓட்டை வைப்பதில் வீட்டுக்காரர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவழித்தார். அனுப்பியதோடு நில்லாமல், பரீட்சார்த்தமாகப் பால்பண்ணைக்காரர் ஒருவரின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

அடுத்த வாரமே பால்பண்ணைக்காரர் மினி லாரியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். லாரியின் மேல் அவருடைய சினைப்பசு. பசுவின் பின்னங்காலில் நீலக் கால்சட்டை.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன மாதிரியே மாட்டிட்டேன்" என்றார் அவர், மூச்சு வாங்க. "ரெண்டு பேர் புடிச்சாங்க. ஒருத்தருக்கு உதை. பெரிய சைஸே கிடைக்கலை. இதுக்கப்புறம் கன்னு எந்தப் பக்கம் வரும்?"

வெளியே நாய்க்குட்டிகளோடும் பூனைக்கூடைகளோடும் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பசு மட்டும் யாரையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி அந்தக் கால்சட்டையை அவர் வெட்டி எடுக்கும்போதே போனில் பதில் வந்து விழுந்தது. இம்முறையும் அனுமதி இல்லை. விலங்குகளுக்கு மனித உடை அணிவிப்பது அவற்றைத் துன்புறுத்துவதாகும்.

"நீங்கதானேய்யா கேட்டீங்க!" என்று டாக்டரம்மா போனைப் பார்த்துக் கத்தினார்.

"நான் கேக்கவே இல்லீங்களே" என்றார் பால்பண்ணைக்காரர் பயந்துபோய்.

வீட்டுக்காரர் அசரவில்லை. போட்டோ இருந்தால்தானே வம்பு? எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கார்ட்டூனாக வரைந்தார். உருண்டைக் கண்ணும் நீண்ட இமையுமாகப் பசு அழகாகத்தான் இருந்தது. கன்று அதைவிட அழகு.

காத்திருந்தார்கள். சினைப்பசுக்களும் காத்திருந்தன. பதில் வந்தபோது டாக்டரம்மா ஒரு எருமையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்ட்டூன் இருப்பதால் இது சிறுவர்களுக்கான ஆப். சிறுவர்களுக்கான ஆப்பில் பிரசவம் காட்டக் கூடாது. மேலும், குழந்தையின் படத்தை வெளியிடப் பெற்றோரின் சம்மதம் இணைக்கப்படவில்லை.

"எந்தக் குழந்தை?" என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"கன்னுக்குட்டிதான். வேற யாரு?" என்றார் வீட்டுக்காரர். அவருடைய குரல் ஒருமாதிரி அமைதியாக இருந்தது. "அம்மாகிட்ட சம்மதம் வாங்கிடலாம். அப்பாவை எங்க போய்த் தேடறது?"

"அப்பா சினை ஊசிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனை வைத்தார்.

அன்று மாலை வீட்டுக்காரர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அதே ஸ்டோரில், அன்று காலையில் கொடுத்து மதியத்துக்குள் அனுமதி வாங்கிவிட்ட ஒரு விளையாட்டு. சாலையில் பசுக்கள் ஓடும். லாரியை வேகமாக ஓட்டி அவற்றின்மேல் மோத வேண்டும். எத்தனை பசு விழுகிறதோ அத்தனை நட்சத்திரம். ஒரு பசுகூடக் கைக்குட்டை அளவு துணி போட்டிருக்கவில்லை.

டாக்டரம்மா வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எப்படிங்க விட்டாங்க?"

"இதுல பசு சாகுது. நம்மளோடதுல பொறக்குது" என்றார் வீட்டுக்காரர். "சாகறதுக்கு விதி இல்லை போலிருக்கு."

பிறகு படமே வேண்டாம் என்று முடிவாயிற்று. வெறும் குரல் மட்டும். 'பதறாதீங்க. மெதுவா. இழுக்காதீங்க. அதுவா வரட்டும்.' அதற்கும் பதில் வந்தது. ஆப்பில் உள்ள பெண்குரல் கேட்பதற்கு ஒருமாதிரியாக இருக்கிறது என்று.

டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பினார். அதற்கு வந்த பதில் ஒரே வரி. இது மிரட்டல் தொனியில் இருக்கிறது.

"வருஷக்கணக்கா நான் சொன்னேன், நீங்க நம்பலை" என்றார் டாக்டரம்மா.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. டாக்டரம்மா உட்கார்ந்து எழுதினார். இறந்துபோன அந்த இளம்பசுவைப் பற்றி எழுதினார். இப்போதும் எங்கேயோ ஒருவர் கையில் கயிறோடு நின்றுகொண்டிருக்கலாம் என்று எழுதினார். எழுதும்போதே கண் கலங்கியது. அனுப்பிய மறுநொடியே 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

"விட்டுடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். பருவம் தொடங்கிவிட்டது. பகலெல்லாம் வண்டியும் சேறுமாக அலைந்தார். பாதி இடங்களுக்கு நேரத்துக்குப் போனார், பாதி இடங்களுக்குப் போக முடியவில்லை. ஆப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

ஒரு மதியம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரர் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"டாக்டர்! வலி வந்திடுச்சு டாக்டர்! நல்லா வந்திடுச்சு!" ஓர் ஆண்குரல். பின்னால் காரின் கூரையில் மழை அடிக்கும் சத்தம். "பாலத்துக்கிட்ட மரம் விழுந்து கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியலை. வண்டி அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க, எப்ப வரும்னு தெரியலை."

"பதறாதீங்க" என்றார் டாக்டரம்மா. இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் தானாக இறங்கிவிடும். "எங்க படுக்க வெச்சிருக்கீங்க?"

"பின்சீட்ல."

காரின் பின்சீட் என்றால் மாடாக இருக்க வழியில்லை. நாய்தான்.

"முதல் பிரசவமா?"

"ஆமா டாக்டர். அவ ரொம்பப் பயந்துபோயிருக்கா."

நாய் வளர்ப்பவர்கள் இப்படித்தான். அது, இது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். டாக்டரம்மா பழகியவர்.

"எடை எவ்வளவு இருக்கும்?"

"அறுபது கிலோவுக்கு மேல, டாக்டர்."

"பெரிய ஜாதி" என்று போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரர் குடையோடு அப்படியே நின்றார். "ஸ்கேன் எடுத்தீங்களா? எத்தனை இருக்குன்னாங்க?"

"ஒண்ணுதான்னாங்க."

"நல்லது. வலியில கடிச்சாலும் கடிக்கும். மெல்லிசா ஒரு துணி எடுத்து வாயைக் கட்டிடுங்க."



"வேண்டாம் டாக்டர். கடிச்சா கடிக்கட்டும். இப்பவும் என் கையைத்தான் கடிச்சிட்டிருக்கா."

டாக்டரம்மாவுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று. வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும். "சரி, தலையைத் தடவிக் கொடுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிட்டே இருங்க. கையை நல்லாக் கழுவிக்குங்க. சுத்தமான துணி இருக்கா?"

"என் சட்டை இருக்கு. துவைச்சது."

"போதும். இப்ப கவனமா கேளுங்க. என்ன ஆனாலும் இழுக்கக் கூடாது. அதுவா வரட்டும். நீங்க கீழ கையைக் குடுத்துத் தாங்கினா போதும்."

"தலை தெரியுது டாக்டர்!"

"இழுக்காதீங்க!"

"இழுக்கலை, இழுக்கலை! ஐயோ, வருது... வந்திடுச்சு! வந்திடுச்சு டாக்டர்!"

மழை இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

"கத்துதா?"

"இல்லையே! சும்மா இருக்கே டாக்டர்!"

"வாயையும் மூக்கையும் துடைங்க. அம்மாவை நக்க விடுங்க, அது தானா பார்த்துக்கும்."

"அவ... அவளுக்கு அதெல்லாம் தெரியாது டாக்டர்."

"முதல் தடவை சிலதுக்குத் தெரியாதுதான். நீங்களே துணியால முதுகை நல்லாத் தேய்ங்க. தேய்ங்க! நிறுத்தாதீங்க!"

வீட்டுக்காரர் மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த இளம்பசு கிடந்த கிடப்பு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"கத்துது டாக்டர்! கத்துது!" அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"கொடியை வெட்டாதீங்க, வர்றவங்க பார்த்துக்கட்டும். ரெண்டையும் ஒண்ணா அணைச்சு மூடி வைங்க. குளிர் படக் கூடாது." டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

சைரன் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. ஒரு நாய்க்குச் சைரன் வைத்த வண்டியா என்று வீட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினார். பணக்கார நாய் போலிருக்கிறது என்று டாக்டரம்மா சைகை காட்டினார்.

"நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியலை டாக்டர்."

"என் நம்பர் யார் குடுத்தாங்க?"

"உங்க ஆப்ல சிவப்புப் பொத்தான் இருக்கே, அதைத்தான் அழுத்தினேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் ஆப்பா? அது இன்னும் வெளியவே வரலையே!"



"ஆப் ஸ்டோர்ல சரிபார்க்கற வேலை என்னுது, டாக்டர். ஆபீஸ் போன்ல வெச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினது நான்தான்."

வீட்டுக்காரரின் கையிலிருந்த குடை தானாக விரிந்துகொண்டது. டாக்டரம்மாவின் வாயில் வந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் எந்த ஸ்டோரும் அனுமதித்திருக்காது. ஆனால் கீச்சென்ற அந்தச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டார்.

"பசுவுக்குக் கால்சட்டை கேட்டது?"

"விதி அப்படி, டாக்டர். மேல மாத்திக்கிட்டே இருப்பாங்க. மன்னிச்சிடுங்க. இன்னிக்கே, இங்கேர்ந்தே அனுமதி குடுத்திடறேன்."

"குடுங்க" என்றார் டாக்டரம்மா. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சரி, போகட்டும். குட்டி என்ன நிறம்? அதுக்குத் தடுப்பூசி நானே போடறேன், கூட்டிட்டு வாங்க."

"சொன்னா போனை வெச்சிடுவீங்களோன்னு பயந்துதான் சொல்லலை டாக்டர்" என்றது அந்தக் குரல். "பொறந்தது குட்டி இல்லை, என் பொண்ணு, மனுஷங்க பிரசவத்துக்கு இருந்த ஆப் அத்தனையையும் நாங்களே தடை பண்ணித் தூக்கிட்டோம், என் சம்சாரத்துக்கு மிஞ்சினது உங்க மாட்டு ஆப் ஒண்ணுதான்."