ஊறுகாய்ப் போட்டியிலிருந்து நான் விலகிய விவரம்

டன்மோர் கவுண்டி,
செப்டம்பர் 19

மதிப்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் வெர்னன் டக்கெட் அவர்களுக்கு,

மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஹோரஸ் பிளெட்ஸோ எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். அங்கே நீங்களும், உங்கள் டிராக்டரும், உங்கள் கெளுத்தி மீன் குளத்தில் உங்களுக்கு மிஞ்சிய பாதியும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சனிக்கிழமை முதல் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி, அதாவது உங்கள் தங்கை ஓபலும் நலம் என்றே நம்புகிறேன். இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருப்பதால், தாங்கள் தங்கை என்ற பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இரு தரப்பையும் நடுநிலையோடு விசாரித்து, ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

"இது அவருக்குப் பழைய வியாதி" என்றுதான் ஓபல் ஆரம்பித்திருப்பாள். எனவே வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாவதற்கு ஓட்டு வாங்க வேண்டும். நான் மாநிலத்தின் மாவட்டங்களான அறுபத்தாறு கவுண்டிக்கும் போனேன், ஒவ்வொரு தேவாலயத்து மீன் விருந்திலும் உட்கார்ந்து தின்றேன், நீட்டிய குழந்தையை எல்லாம் கொஞ்சினேன், நான் கை கொடுக்காத ஆள் என்று மாநிலத்தில் யாரும் பாக்கியில்லை, ஜெயித்தேன். அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த முதல் நாள், முதல் வழக்கு, வாதியின் பெயரைப் பார்க்கிறேன், அவர் வீட்டில் இரண்டு தட்டு மீன் சாப்பிட்டிருக்கிறேன். பிரதிவாதியைப் பார்க்கிறேன், அவர் வீட்டில் மூன்று தட்டு. தெரிந்தவர் வழக்கை நீதிபதி தொடக்கூடாது என்பது விதி. விலகிக்கொண்டேன். அடுத்து மின்சார நிறுவனத்தின் மேல் ஒரு வழக்கு வந்தது. எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது, விலகிக்கொண்டேன். இப்படியே எட்டு வருஷம். ஒவ்வொரு விலகலுக்கும் நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் காரணம் எழுதினேன். நம் ஊர்ப் பத்திரிகை என்னை "சர்ச்சைக்குரிய நீதிபதி, வேலையே செய்யாதவர்" என்று எழுதியது அபாண்டம். என்னளவுக்கு எழுதியவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஒரு வழக்கில் முழுத் தீர்ப்பே எழுதினேன். இரண்டு தரப்பும் வெளிமாநிலத்துக்காரர்கள். எழுதி முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது, அதற்குள் அவர்கள் ராசியாகிக் கூட்டாகக் கடை திறந்துவிட்டார்கள்.

உங்கள் குளத்து வழக்கும் வந்தது. மறுக்கவில்லை. ஒன்பது பேரில் நான் விலகினேன், மீதி எட்டுப் பேர் நாலுக்கு நாலு என்று நின்றார்கள், கீழ்க்கோர்ட்டு சொன்னதே நிலைத்தது, பாதிக் குளம் போயிற்று. மைத்துனன் வழக்கை மைத்துனனே விசாரித்தால் ஊர் சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். அதற்கப்புறம் நாலு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதுபற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. கடைசியில் நீதிபதிகளை விசாரிக்கும் ஒழுங்குக் குழு என்னைக் கூப்பிட்டது. அந்த வழக்கில் எனக்கே நேரடி சம்பந்தம் இருந்தபடியால் நான் போகவில்லை. நான் இல்லாமலே என்னைக் கண்டித்தார்கள். அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவர் டிவியில் ஒரு காலி நாற்காலியை மட்டும் முப்பது விநாடி காட்டினார். அந்த நாற்காலி என்னுடையதே இல்லை. என்னுடையதில் கைப்பிடி உண்டு. ஆனாலும் தோற்றேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கவுண்டித் திருவிழா ஊறுகாய்ப் போட்டியில் ஓபல் எட்டு வருஷமாக இரண்டாம் பரிசு வாங்குவதும், எட்டு வருஷமும் முதல் பரிசான நீல நாடாவை குளோரிஸ் ஹாட்லி அம்மாள் கொண்டுபோவதும் நீங்கள் அறிந்ததே. இந்த வருஷம் கமிட்டித் தலைவர் பர்ல் வந்தார். "ஐயா, நீங்க நடுவரா உக்காரணும். வெறும் வெள்ளரிக்கா ஊறுகாதான். பாட்டில்ல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். இதுலயாவது ஒரு முடிவு சொல்லுங்கய்யா" என்றார். மனைவி போட்டியில் இருக்கிறாள், முடியாது என்றேன். உள்ளேயிருந்து ஓபல் கரண்டியோடு வந்தாள். "எது யாருதுன்னு உங்களுக்குத் தெரியப்போறதில்ல. உக்காருங்க, தின்னுங்க, மார்க்கப் போடுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. இந்த ஒரு தடவை எனக்காக" என்றாள். எனக்காக என்று அவள் கேட்டது நாற்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

கூடாரம் நிறைய ஜனம். என்னோடு இன்னும் இரண்டு நடுவர்கள், எதிரே ஒன்பது பாட்டில். ஒன்று, இரண்டு, மூன்று சுமார். நான்காம் எண்ணுக்குப் பத்தில் ஐந்து போட்டு, பழைய வழக்கப்படி காரணமும் எழுதினேன்: "வினிகர் அதிகம், மொறுமொறுப்புப் போதாது, அவசரத்தில் போட்டதுபோல் இருக்கிறது." ஏழாம் எண்ணை வாயில் போட்டேன். மச்சான், என்ன சொல்லட்டும், அப்படி ஒரு ஊறுகாய்! கடுகு தனியாகப் பேசுகிறது, சர்க்கரை தனியாகப் பேசுகிறது. இப்படி என் பெண்டாட்டியைத் தவிர யாரால் போட முடியும் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்ததும் மனசாட்சி உறுத்திற்று. எது யாருடையது என்று தெரிந்துவிட்டதே, இனி மார்க் போடலாமா? எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, "ஏழாம் எண் என் மனைவியின் கைவண்ணம், எந்த நாக்கும் அதைச் சொல்லும், எனவே நான் விலகிக்கொள்கிறேன்" என்று அறிவித்தேன்.

பேர் வெளியே வந்துவிட்டால் அந்தப் பாட்டில் போட்டியில் சேராது என்பது விதி. சரிபார்க்க, எந்த எண் யாருடையது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை பர்ல் பிரித்தார். ஏழு குளோரிஸ் ஹாட்லி. நான்கு ஓபல் பிளெட்ஸோ. நான் சொன்னது வேறு பேர் என்பதால் ஏழாம் எண் தப்பித்தது. மீதி இரண்டு நடுவர்களும் ஆளுக்கு ஒன்றாக நாலுக்கும் ஏழுக்கும் பிரிந்து நின்றார்கள். என் மார்க் செல்லாது. அப்படிச் சமமாக வந்தால் போன வருஷம் ஜெயித்தவருக்கே நாடா போகும், அதுவும் விதி. போதாக்குறைக்கு நடுவர் எழுதிய காரணங்களை உரக்கப் படிப்பது அந்தக் கமிட்டியின் பழக்கமாம். பர்ல் படித்தார். "அவசரத்தில் போட்டதுபோல்" என்ற இடத்தில் கூடாரமே திரும்பி ஓபலைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓபல் ஆரம்பித்தாள். "நாப்பத்தொரு வருஷம் என் கையால தின்னுட்டு, எவளோ போட்டத என்னுதுன்னு ஊரைக் கூட்டி மைக்குல சொல்றீங்களே ஜட்ஜ் ஐயா! நீங்க வாயைத் திறக்காம நாலாம் நம்பருக்கு நல்ல மார்க்கா போட்டிருந்தா நாடா என் கையில."

"தெரியாதும்மா, நல்லா இருந்ததுன்னுதான் உன்னுதுன்னு நெனச்சேன்."

"அப்ப என்னுது நல்லால்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவன் சொல்லக்கூடாது. "ஆமா இல்லன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்!" என்று கத்தினாள், அப்புறம் அழுதாள். பெட்டி கட்டினாள். "நாயாவது என்கூட வரட்டுமா?" என்று கேட்டாள். நாய் இருவருக்கும் பொது என்பதால் அதிலும் நான் கருத்துச் சொல்லவில்லை. நாய் தானே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆகவே மைத்துனர் அவர்களே, நடந்ததில் என் பக்கம் விதிமீறல் ஏதுமில்லை. ஏழாம் எண்தான் சிறந்தது. இதை எந்த மன்றத்திலும் சொல்வேன். உண்மையை மாற்றி எழுத என்னால் ஆகாது. இரு தரப்பையும் எடைபோட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் தங்கள் முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பருத்திக்கு நல்ல வெயிலும், மீன்களுக்கு நல்ல தண்ணீரும், முழங்கால் வலிக்குச் சீக்கிரமே சுகமும் ஆண்டவர் அருள்வாராக. நாயைத் தடவிக்கொடுக்கவும்.

இப்படிக்கு,
ஹோரஸ் பிளெட்ஸோ (முன்னாள் நீதிபதி)

பின்குறிப்பு: உறை ஒட்டப் போனவன் அலமாரியைத் திறந்தேன் மச்சான். அவள் போட்டதில் பதினோரு பாட்டில் இருக்கிறது. எதிரே ஆள் இல்லாமல் ஒரு துண்டு இறங்கமாட்டேன் என்கிறது. தனித்தாளில் ஒரு தீர்ப்பு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்றே வார்த்தைதான்: "நான்கு. முதல் பரிசு." காரணம் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மட்டும் ஓபலிடம் கொடுங்கள், இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். நடுநிலையாக விசாரிக்கச் சொன்னேனே, அதுவும் வேண்டாம். குளத்தை மனதில் வைக்காமல், என் பக்கம் பேசுங்கள்.