குப்பைமேட்டுத் தீயை அணைத்தது பற்றி

அன்பும் மரியாதையும் மாறாத மாமாவுக்கு,

இல்லை, தீ தானாக அணையவில்லை. அணைத்தார்கள். காரணம் பாதி நான், பாதி நீங்கள். நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா இருமுகிறார். அந்த வரியைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் குழு கார்பன் கிரெடிட் விதிகளைத் திருத்தியது. குப்பைமேட்டில் ஊறும் வாயுவைக் குழாயில் பிடித்து எரித்தால் காசு. காசு வராவிட்டாலும் எரிப்பீர்கள் என்றால் காசு இல்லை. நியாயம்தான். படித்தபோது நானே அடிக்கோடு இட்டேன். பிறகு எங்கள் கம்பெனிக்கு ஆடிட்டர் வந்தார். மேனேஜர் டீ சொல்லப் போயிருந்த நேரம். குழாய்களில் அளவு பார்க்கிற என்னைப் பிடித்துக்கொண்டார்.

“காசு வரலேன்னாலும் எரிப்பீங்களாம்மா?”

“எரிக்காம? வேலிக்கு அந்தப் பக்கம் எங்க வீடு சார். அப்பாவுக்கு மூச்சுத் திணறல்.”

மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் எங்கள் நல்லெண்ணத்தைப் பாராட்டி, கிரெடிட்டை ரத்துசெய்தார்கள். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“நல்லவங்களா இருந்து கெட்டுப்போனோம்மா. கொஞ்ச நாள் கெட்டவங்களா இருந்துட்டு மறுபடி விண்ணப்பிப்போம்.”

வால்வைத் திருகச் சொன்னார், திருகினேன், கம்பத்தின் உச்சியில் நீலமாய் ஆடிக்கொண்டிருந்த தீ சட்டென்று இல்லாமல் போனது, மீத்தேனுக்கு வாசனை கிடையாது என்றுதான் பாடத்தில் படித்தேன், அதோடு கூட வருகிறவற்றைப் பற்றிப் பாடம் எதுவும் சொல்லவில்லை, சாயங்காலத்துக்குள் அவை எங்கள் வீட்டுத் தலையணை உறைவரை வந்துவிட்டன, பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப்பார்த்து “ஏம்மா, உங்க ஆபீஸ்ல கேஸ் பில்லு கட்டலையா?” என்கிறாள், அவளுக்கு என்ன சொல்ல, அப்பா இப்போது உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார், தூங்குகிறார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே மாமா, விதியில் ஒரு வரி சேருங்கள். உண்மை சொன்னவர்களையும் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் குழு பல்லாண்டு வாழட்டும், கூட்டங்களை மட்டும் குறைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: இதை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தே சிரித்தார்.

“மாமனை ஏண்டி திட்டறே? காசு நின்னதும் அணைச்சிட்டாங்கல்ல? அப்போ காசு இல்லேன்னா எரிக்கமாட்டாங்கன்னுதானே ஆச்சு? மச்சான் விதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ ஆடிட்டர்கிட்ட சொன்னதுதான் பொய்.”

ஆமாம் மாமா. எரிப்போம் என்றது நான் மட்டும்தான். கம்பெனியை நான் கேட்கவே இல்லை. மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எனக்காக ஒரு வரியும் சேர்க்க வேண்டாம்.

அப்பாவின் கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டேன். அங்கே ஜன்னல் வேலிப் பக்கம் இல்லை, தெருப் பக்கம்.