வழுக்கும் தரை தேவை

இந்த வீட்டுக்கு அடுத்து வரப்போகும் தரை என்ன தரை என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சூளுரைத்தேன். நின்றுகொண்டுதான் சூளுரைத்தேன். உட்கார இடமில்லை.

எங்கள் கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருக்கிறது. ஜன்னல் ஓரம் பெரியவர். முப்பத்தெட்டு கிலோ. இந்த ஓரம் சின்னவள். ஆறே கிலோ, ஆனால் குரல் மட்டும் அறுபது கிலோ. நடுவில் என் மனைவி. பெரியவரும் சின்னவளும் நாய்கள். மனைவி மனைவிதான்.

அப்படியானால் நான் எங்கே உட்காருவேன் என்று கேட்கிறீர்களா? பிளாஸ்டிக் ஸ்டூலில். அதற்கு முதுகும் கிடையாது, நாலு காலும் ஒரே உயரமும் கிடையாது. நாலு வருஷமாக டிவியை நான் சாய்வாகத்தான் பார்த்து வருகிறேன். எனக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை ஐயா. அந்த சோபாவில் ஒரு முதுகு அகலத்துக்கு இடம். அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

தரை விவகாரம் எப்படி வந்தது என்றால், கூடம் முழுக்க கார்ப்பெட். நாய்கள் வந்த பிறகு அதன் நிறம் என்ன என்பதே எங்களுக்குள் சர்ச்சை ஆகிவிட்டது. மழையில் நனைந்து வந்து இருவரும் அதில் புரளுவார்கள். அது காயாது. காய்ந்தாலும் வாசனை போகாது. போன வாரம் என் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். வாசலில் மரியாதையாக ஷூவைக் கழற்றினார். உள்ளே இரண்டு அடி வைத்தார். சட்டென்று திரும்பிப் போய், ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மானம் போச்சு. இன்னைக்கே தூக்கிடணும்," என்றாள் மனைவி.

தூக்கினோம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு தனிக் குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. மூன்று எலும்பு. என் கண்ணாடியின் ஒரு காது. ஒரு பல், யாருடையது என்று இதுவரை தெரியவில்லை. கம்பெனி எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழில் பாதி.

"மீதி எங்கே?" என்று அலறினேன்.

"அன்னைக்கு ரெண்டு நாள் பெரியவருக்கு வயிறு சரியில்லாம இருந்துச்சே, அப்ப போயிருக்கும்," என்றாள் மனைவி. "பாவம், என்ன கஷ்டப்பட்டான்!"

அவன் பாவமாம்! அந்த நிமிஷத்தில்தான் என் மூளையில் பல்பு எரிந்தது.

"தரை விஷயத்தை என்கிட்ட விட்டுடு," என்றேன்.

"ஏன்?"

"நான் என்ன வேலை பார்க்கிறேன்?"

"செருப்புக் கம்பெனியில."

"செருப்புக் கம்பெனியில என்ன வேலை?"

"வழுக்குதா வழுக்கலையான்னு பார்க்கிற வேலை."

ஆமாம். ஈரத் தரையில் புதுச் செருப்பை வைத்து, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்தச் சாய்வில் செருப்பு நழுவுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பதினேழு வருஷ அனுபவம். எந்தத் தரையில் எது நிற்கும், எது விழும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். எனக்குத் தெரியாதா நாயின் நகத்துக்கு எது ஒத்துவராது என்று?

திட்டம் இதுதான். கூடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தரை போட வேண்டும். நாய்கள் இரண்டு நாள் வழுக்கி விழும். மூன்றாம் நாள் யோசிக்கும். நாலாம் நாள், "இந்த வீடே வேண்டாம்" என்று தாங்களாகவே பின்பக்க ஷெட்டுக்குக் குடிபோய்விடும். யாரும் யாரையும் துரத்தவில்லை. பழி தரை மேல். சோபா என் மேல், இல்லை, நான் சோபா மேல்.

தரைக் கடைக்காரர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். நாய் இருக்கிறது என்று சொன்னதுமே ஒரு பலகையை எடுத்து நீட்டினார்.

"வினைல் பலகை சார். பார்க்க மரம் மாதிரி, தொட்டா சொரசொரன்னு இருக்கும். தண்ணி இறங்காது. நகம் கீறினா தெரியாது. விலையும் கையைக் கடிக்காது."

"அந்தப் பக்கம் இருக்கே?"

"அது லேமினேட், மரத்தூளை அழுத்திச் செஞ்சது. அழகா இருக்கும். ஆனா நாய் ஒருதரம் ஓரமா ஒண்ணுக்குப் போயிடுச்சுன்னா பலகை உப்பிடும்."

"அங்கே ஒண்ணு பளபளன்னு மின்னுதே?"

"அது டைல்ஸ். நல்லா உழைக்கும். ஆனா நாய்க்கு வழுக்கும் சார்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"நிக்கவே முடியாதோ?"

"ஓடினா சறுக்கிட்டே போய்ச் சுவத்துல முட்டும்."

ஆனந்தத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கு என்று புரியாமல் அவரும் குலுக்கினார்.

மூன்று மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து விஞ்ஞானபூர்வமாகச் சோதனை நடத்தினேன். முள்கரண்டியால் கீறினேன். நாய்கள் தண்ணீர் குடிக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்து அரைமணி நேரம் ஊறவிட்டேன். டீயைக் கொட்டித் துடைத்தேன். கோடு போட்ட தாளில் அட்டவணை எழுதினேன். கீறல், ஈரம், சுத்தம், விலை என்று நாலு கட்டம். கட்டத்துக்குப் பத்து மார்க். லேமினேட்டுக்கு இருபத்திரண்டு. வினைலுக்கு முப்பத்தைந்து. டைல்ஸுக்கு முப்பத்தாறு. ஒரு மார்க்கைக்கூட நான் கூட்டிப் போடவில்லை. நேர்மையாக ஒரு அயோக்கியத்தனம் செய்வதில் இருக்கிற சுகமே தனி.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையைப் பார்த்தாள். அவளுக்கு டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. பதினைந்து வருஷமாக ஊரில் உள்ள பொய்யெல்லாம் அவள் காது வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. தாளை மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரிங்க. டைல்ஸே போட்டுடலாம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு 'சரி'க்கும் பின்னால் ஒரு 'ஆனா' வந்திருக்கிறது. காத்திருந்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன், வரவில்லை. துணி மடித்தேன், வரவில்லை. ஒருவேளை என் பேச்சிலும் நியாயம் இருக்கலாம் என்று முதல் தடவையாக எனக்கே தோன்றியது.

"மேஸ்திரி வர்ற அன்னைக்கு நான் லீவு போட்டுக்கிறேன். நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க," என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஷெட்டைக் கூட்டிச் சுத்தம் செய்தேன். பழைய மெத்தை ஒன்றை இரண்டாக வெட்டிப் போட்டேன். நானும் மனிதன்தானே!

"என்னங்க, திடீர்னு ஷெட் மேல இவ்வளவு பாசம்?"

"சும்மாதான்."

"ம்," என்றாள்.

தரை போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். கதவைத் திறந்ததும் பெரியவர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கிப் பாய்ந்து வந்தார். இதோ, இப்போது சறுக்குவார், சுவரில் முட்டுவார் என்று நான் பரிதாபப்படத் தயாராக நின்றேன். அவர் என் காலுக்கு ஓரடி முன்னால் பிரேக் போட்ட லாரி மாதிரி நின்றார். ஓர் அங்குலம்கூட நழுவவில்லை.

குனிந்து பார்த்தேன். மரம் மாதிரி இருந்தது. தொட்டேன். சொரசொர.

"இது வினைல்!" என்று கத்தினேன். "என் டைல்ஸ் எங்கே?"

"ஏன் கத்துறீங்க? பின் ரூமுல இருக்கு," என்றாள் மனைவி, சோபாவின் நடுவிலிருந்து.

பின் ரூம் வாசல் வரை ஓடினேன். அட்டைப்பெட்டிகளும் இஸ்திரி மேஜையும் கிடந்த அறை. எல்லாம் காலி. சுவருக்குச் சுவர் பளபளவென்று டைல்ஸ். அதன் மேல் என் மேஜை, என் கட்டில், என் சட்டைகள், என் பிளாஸ்டிக் ஸ்டூல். தரைக்குள் இன்னொரு நான் தலைகீழாக நின்று என்னைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஆசைப்பட்ட தரை. நாப்பதுக்கு முப்பத்தாறு மார்க். அதான் உங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கிட்டேன்," என்றாள் பின்னாலேயே வந்து.

"கூடத்துக்குன்னு சொன்னேன்!"

"பதினேழு வருஷமா வழுக்கல் பார்க்கிற மனுஷர் ஒரு அட்டவணை போடறார். கீறல் இருக்கு, ஈரம் இருக்கு. வழுக்கல்னு ஒரு கட்டம் எங்கே?"

நான் கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

"புகார் சொல்ல வர்றவங்க எதைச் சொல்றாங்கன்னு நான் கேக்கவே மாட்டேங்க. எதைச் சொல்லாம விடறாங்கன்னுதான் பார்ப்பேன். அன்னைக்கே கடைக்குப் போன் பண்ணேன். கடைக்காரர் சொல்றார், 'நாய் சுவத்துல முட்டும்னு சொன்னதும் சாருக்குக் கண்ணே கலங்கிடுச்சும்மா, என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு'ன்னு."

நல்ல மனிதர் என்று சொன்னேனே, அவர்தான். இனி மறைத்து என்ன பயன்? வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அந்த சோபாவுல ஒரு இடம் வேணும். நாலு வருஷமா ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன். என் வீட்டுல எனக்குச் சாய ஒரு இடம் இல்லைன்னா மனசு வலிக்காதா?" குரல் உடைந்தேவிட்டது.

மனைவியின் முகம் இளகியது. பக்கத்தில் வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"இதை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா?"

"கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

ஒரு வாரமாக நான் எதிர்பார்த்த 'ஆனா' ஒருவழியாக வந்து சேர்ந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி கூடத்துப் பக்கமே வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, என் அறைக்குள் விறுவிறுவென்று நடந்தேன். இரண்டாவது அடியில் கால் முன்னால் போனது. நான் பின்னால் போனேன். உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டுப் பெரியவர் வாசல் வரை வந்தார். ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தார். யோசித்தார். காலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது மனைவி ஒரு பாக்கெட்டை நீட்டினாள். உள்ளே சாக்ஸ். அடியில் வரிசையாக ரப்பர் புள்ளிகள்.

"போட்டு நடந்து பாருங்க. வழுக்காது."

மாட்டிக்கொண்டு நடந்தேன். அப்படியே பசை போட்ட மாதிரி நின்றது. பதினேழு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பிடிமானத்தை நான் பார்த்ததில்லை. என் மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நெஞ்சு நெகிழ்ந்து, எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று பாக்கெட்டைத் திருப்பினேன். ஒரு பெரிய நாய் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, 'நாற்பது கிலோ வரை' என்று போட்டிருந்தது.

"இது... நாய் சாக்ஸ்!"

"கால்நடை டாக்டர் கடையில மனுஷங்களுக்கா விப்பாங்க? அளவு சரியா இருக்குல்ல?"

சரியாகத்தான் இருந்தது. ஒரு பாக்கெட்டில் நாலு. மிச்சம் இரண்டையும் கைக்கு மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.