கட்டையின் தாய்மாமன்

"இவனைத் தூக்கணுமா, வேண்டாமா? சார், நீங்களே சொல்லுங்க."

நான்கு சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப நினைத்தவர், வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுவிட்டார். யாரை, எங்கிருந்து தூக்குவது என்று அவருக்கு விளங்கவில்லை. சலவைக் கடை மூலையில் இருந்த டிவியில் வெள்ளை உடை போட்ட ஒரு பையன், வேகமாக வந்த பந்தை மட்டையால் லேசாகத் தொட்டு, அது காலடியிலேயே விழுந்து செத்துப்போனதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவருக்குப் பக்கத்தில் மடியில் பையோடு ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவிழ்க்காத துணி மூட்டை மேல் ஒரு பெயின்டர். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

தன் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு பின்னறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். மேஜை மேல் எப்போதும் இருபது முப்பது வாய்கள் திறந்தபடி இருக்கும். ஒன்றுகூடப் பேசாது. மனைவி இறந்த பிறகு வீட்டிலும் அதே கதைதான். அங்கே வாய்கூடக் கிடையாது.

"ஆட்டம் எப்ப முடியும்?" என்று கேட்டார், நேரம் சம்பாதிக்க.

"கட்டை அவுட்டானா நாளன்னிக்கே மூட்டை கட்டிடலாம் சார்," என்றான் பெயின்டர். "இவன் நின்னுட்டா அஞ்சு நாளும் இழுக்கும்."

"யாரு கட்டை?"

"இதோ நிக்கிறானே, இவன்தான். எது வந்தாலும் கட்டை போடுவான்."

பல் செட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆட்டம் நடக்கும்வரை இவர்கள் இங்கே இருப்பார்கள். கட்டை நிற்கும்வரை ஆட்டம் நடக்கும்.

"தூக்கக் கூடாது," என்றார் தீர்மானமாக.

கடையே கொதித்தது. "என்ன சார் சொல்றீங்க? ஃபார்ம்ல இல்லாத ஆளு! முன்னங்காலே நகர மாட்டேங்குது!" என்று மாஸ்டர் எழுந்து, இல்லாத மட்டையைப் பிடித்து, முன்னங்காலை வைத்தே காட்டினார். "இவன் இடத்துல ஒரு சின்னப் பையனைப் போட்டா அரை மணி நேரத்துல அம்பது அடிச்சிருப்பான்!"

"அவசரப்படக் கூடாது சார்," என்றார் பல் செட்காரர். "ஒரு பல் செட்டே வாயில உக்கார ஒரு மாசம் ஆகுது. ஆளு செட்டாக வேண்டாமா?"

பெயின்டர் சிரித்தான். "உக்காருங்க சார், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க!" என்று மூட்டையில் நகர்ந்து இடம் கொடுத்தான். அவர் உட்கார்ந்தார். பிற்பகல் முழுக்க அவர்கள் திட்டினார்கள், அவர் தாங்கிப் பேசினார். வருஷக்கணக்கில் அவ்வளவு வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கடைக்காரம்மா மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல், டிவிக்கு முதுகைக் காட்டியபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு கிரிக்கெட்டே பிடிக்காது சார். நமக்காகத்தான் டிவியைப் போட்டு வெச்சிருக்கு," என்று பெயின்டர் விளக்கினான்.

வம்பு வந்தது தேநீர் இடைவேளையில். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆட்களை எடைபோட்டே பழகியவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "ஏன் சார் அவனுக்கு இவ்வளவு பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க? உங்களுக்கு என்ன, சொந்தமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மூன்று முகமும் அவ்வளவு ஆவலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமா," என்றார்.

"என்னது! என்ன முறை?"

"அக்கா பையன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. கடைக்காரம்மா முதல்முறையாகத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சட்டை எப்ப வேணும்?" என்றாள்.

"அவசரமில்லைங்க."

அவள் திரும்பிக்கொண்டாள். அதற்குள் மாஸ்டர் கடையில் இருந்த ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து, கைக்குட்டையால் அதைத் தட்டிவிட்டார். "தாய்மாமனா நீங்க! முன்னாடியே சொல்லக் கூடாதா? இங்க வந்து உக்காருங்க."

அன்று மாலை வீட்டில் விளக்கைப் போட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடப்பிறந்தவர் என்று யாருமே இல்லாத மனிதர் அவர். நாளைக்குப் போகவே கூடாது என்று முடிவுசெய்தார். காலையில், போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று ஜன்னல் திரைகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாஸ்டர் வாசலிலேயே காத்திருந்தார். "மருமகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. சுழல்பந்து போடறவன் வந்தா கிரீஸுக்குள்ளயே நின்னு கும்பிடு போடக் கூடாது. இறங்கி வந்து ஆடணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஆட்டம் நடக்கறப்ப போனை வாங்கி வெச்சிடுவாங்களாம்."

"அப்ப அக்காகிட்ட சொல்லுங்க, சாயங்காலம் அவங்க சொல்லட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? நேத்து ராத்திரியே சொல்லிட்டேன்," என்றார் பல் செட்காரர், பேச்சை முடித்துவிடும் நினைப்பில். "அவனுக்கே அந்த யோசனை இருக்காம்."

நான்காவது ஓவரில், யார் கெட்ட நேரமோ, கட்டை தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக இறங்கி வந்தான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. விக்கெட் கீப்பர் நிதானமாக ஸ்டம்பைத் தட்டினார்.

மாஸ்டர் நடுங்கும் குரலில் சொன்னார்: "நான் இறங்கி வந்து ஆடத்தான் சொன்னேன். இறங்கி வீட்டுக்கே போகச் சொல்லலையே!"

"இவ்வளவு நாள் யார் பேச்சையும் கேக்காதவன், உங்க பேச்சையா கேக்கணும்?" என்று பெயின்டர் அவர்மேல் பாய்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பல் செட்காரர் எதிர்பார்க்கவே இல்லை. அவரை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர்கள் மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் அவர் தலையணை உறைகளோடு நுழைந்தபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று அறுந்தது. "இவனை இனியும் டீம்ல வெச்சா செலக்டர்களுக்குக் கண்ணு இல்லைன்னு..." என்று பாதியில் இருந்த மாஸ்டர், "...வாங்க சார், வெயில் ஜாஸ்தி," என்று முடித்தார். எதிரணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அதற்கே ஒரு ரகளை நடந்திருக்க வேண்டும். அன்றைக்கு மூன்று பேரும் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல் உட்கார்ந்திருந்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் ஒருமுறை அவர் தோளைத் தட்டி, "அக்கா எப்படித் தாங்கிக்கிறாங்க?" என்று கேட்டார்.

ஒரே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார் பல் செட்காரர். மூட்டை மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதல் நாள் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார். பேசாத வாய்களைப் பார்க்க வேண்டுமானால் அவர் தன் அறையிலேயே இருந்திருக்கலாம்.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் தோன்றியது. அவரே திட்டிவிட்டால் அவர்களும் பழையபடி திட்டுவார்கள் இல்லையா?

"அவனைத் தூக்கணும் சார்!" என்று திடீரென்று கத்தினார். "கட்டையாவது கிட்டையாவது! அவனுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது. அடுத்த டெஸ்ட்ல தண்ணி பாட்டில் தூக்கத்தான் லாயக்கு!"

ஒருவரும் சேர்ந்துகொள்ளவில்லை. பெயின்டர் வாயைப் பிளந்தான். "ஐயோ சார், சொந்த மாமாவே இப்படிப் பேசலாமா?"

"குடும்பத்துல ஏதோ மனஸ்தாபம்," என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் மெதுவாகக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் கருணை பொங்கியது. "போனைக் கொடுங்க சார். அக்காகிட்ட நான் பேசறேன். நான் பேசிச் சேராத குடும்பம் கிடையாது." பல் செட்காரர் தடுப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்களைத் தள்ளிப் பார்த்தார். "டாக்டர்... டாக்டர்... டாக்டர்... இதுவும் டாக்டர்..." கை நின்றது. குரல் தணிந்தது. "சார், உடம்புக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்லை. எல்லாம் பல் டாக்டருங்க."

"வேற ஒருத்தர் நம்பருமே இல்லையே சார்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பொய்யைக்கூடப் பல் செட்காரரால் தேட முடியவில்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கடைக்காரம்மா பலகையைச் சுற்றி வந்தாள். சட்டைகள், திரைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அவர் மடியில் தொப்பென்று போட்டாள்.

"எல்லாம் ரெடி. கிளம்புங்க," என்றாள். குரலில் இஸ்திரிப் பெட்டியின் சூடு இருந்தது.

நான்காம் நாள் அவர் போகவில்லை. பின்னறையில் உட்கார்ந்து ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டை எடுத்துத் தேய்த்தார். கை எங்கேயோ போய், கடைவாய்ப் பல் ஒன்றை முன்வாய்ப் பல் அளவுக்குத் தேய்த்துவிட்டார். சுவர் தாண்டி எங்கோ ஒரு டிவியில் கூட்டம் ஆர்ப்பரிப்பது கேட்டது. விக்கெட்டா, ரன்னா என்று புரியாமல் தவித்தார். கேட்பதற்கும் ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பெயின்டர் மூச்சிரைக்க நின்றான்.

"இங்கதான் இருக்கீங்களா! தெருவெல்லாம் விசாரிச்சேன். வாங்க சார், கட்டை நிக்கிறான்!"

"நான் எதுக்குப்பா..."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து நிக்கிறான் சார்! இன்னைக்குப் பூரா நின்னா டிரா. மத்தவன் எல்லாம் வர்றான், போறான். நீங்க வந்து உக்காருங்க, மாஸ்டர் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அவசரத்தில் கையில் கிடைத்த போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கடைக்குள் யாருக்கும் மரியாதை ஞாபகமே இல்லை. மாஸ்டர் துணி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட், "யாரும் இடம் மாறாதீங்க, அசையாதீங்க, இப்படியே இருந்தாத்தான் விக்கெட் விழாது," என்று உத்தரவு போட்டார். பெயின்டரால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் "போயாச்சா? போயாச்சா?" என்று கேட்டான். ரன்னே எடுக்க மாட்டேனென்கிறான் என்று நாலு நாளாகத் திட்டிய மாஸ்டர், இப்போது பந்து மட்டையில் பட்டுச் சாகும்போதெல்லாம், "அப்படித்தாண்டா ராஜா! அடிக்காதடா! கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடா கண்ணு!" என்று கெஞ்சினார்.

மதியம் ஒரு பந்து எகிறி கட்டையின் ஹெல்மெட்டில் மடேர் என்று இடித்தது. அவன் சுருண்டு விழுந்தான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எங்கிருந்தோ கருகல் நாற்றம் வந்தது. பல் செட்காரரின் போர்வை மேல் இஸ்திரிப் பெட்டி அப்படியே குந்தியிருந்தது. கடைக்காரம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, துணி!" என்று பெயின்டர் கத்தினான்.

கட்டை எழுந்தான். தலையை உலுக்கிக்கொண்டான். அடுத்த பந்தைக் காலடியில் சாகடித்தான். பல் செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் நீண்டால் ஆட்கள் இருப்பார்கள் என்று போட்ட கணக்கெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது. சொந்த மருமகன் அடிபட்டால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்குமா தெரியாது.

கடைசி ஓவரின் கடைசிப் பந்து. கட்டை. டிரா.

நால்வரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெயின்டரின் கைச் சாயம் எல்லோர் முதுகிலும் ஏறியது. "நான் அப்பவே சொன்னேன், இவனை டீமை விட்டுத் தூக்கவே கூடாதுன்னு!" என்று மாஸ்டர் முழங்கினார். அதைக் கேட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், அடுத்த தடவை மருமகனை இங்க ஒரு நாள் கூட்டிட்டு வரணும். வராம விடமாட்டோம்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்களுக்கெல்லாம் போக வீடு இருந்தது, போய்ச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

கடை காலியானது. கடைக்காரம்மா டிவியை அணைத்தாள். அந்த நிசப்தம் பல் செட்காரருக்கு நன்றாகப் பழக்கப்பட்டதுதான். ஆனாலும் இன்றைக்கு அதைத் தாங்க முடியவில்லை. யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இனி இங்கே வரவும் முடியாது. மருமகனுக்கு எங்கே போவது?

"ஏங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் கரிந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த டெஸ்ட் வர்ற வாரம் ஆரம்பிக்குது. வந்துடுங்க," என்றாள்.

"இல்லைங்க, வர முடியாது. நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தப் பையன்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்தக் கடையில உக்காந்து அவனுக்காகப் பேசின ஒரே ஆளு நீங்க. நடுவுல ஒரு நாள் திட்டினீங்க, அப்ப கோவம் வந்துச்சு. அவ்வளவுதான்."

"இல்லைங்க, நீங்க புரிஞ்சுக்கலை. நான் அவனுக்குத் தாய்மாமனே இல்லை."

அவள் தலை நிமிரவில்லை. போர்வையின் கரிந்த பக்கம் உள்ளே போகும்படி இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"பேச்சுவார்த்தை அத்துப்போயி வருஷக்கணக்காச்சுன்னாலும் அவன் எங்கூடப் பொறந்த அண்ணன் மகன்ங்க. எங்க அண்ணிக்குத் தம்பின்னு யாரும் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா?"