ஸ்பானர் அக்கா போட்ட வளையல்

தாராவியில் ஸ்பானர் அக்காவுக்குப் பயப்படாத தையல் மெஷின் கிடையாது. எங்கள் நைட்டிப் பட்டறையில் காலையிலிருந்து அடம்பிடிக்கும் மெஷின்கூட, அவள் படியேறும் சத்தம் கேட்டதும் தானாக ஓடத் தொடங்கிவிடும். நான் அங்கே துணி வெட்டுகிறவன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தையல் மெஷின் ரிப்பேர்தான் அவள் தொழில். வயது நாற்பது. ஒட்ட வெட்டிய முடி, கட்டம் போட்ட சட்டை, பேண்ட். என்னைவிட இளையவள். ஆனாலும் எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் அண்ணன்.

ஒருநாள் குர்லாவில் லேடீஸ் பெட்டியில் ஏறியிருக்கிறாள். “ஏ பையா, லேடீஸ் டப்பா ஹை, உதரோ” என்று நாலைந்து பேர் இறங்கச் சொல்லிக் கத்தினார்களாம். இவள் நிதானமாக ரயில் பாஸை நீட்டி, பெண் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, அதிகமாகக் கத்தியவளின் பையில் சிக்கியிருந்த ஜிப்பை, கல்யாண் ஸ்டேஷன் வருவதற்குள் சரிசெய்து கொடுத்தாள்.

“இப்பம் எனக்கு அவதான் சீட்டு பிடிச்சி வைக்கா அண்ணே.”

இறந்துபோன தன் அக்காவின் மகள் செல்வியை வளர்த்தவள் இவள்தான். செம்பூரில் மாப்பிள்ளை வீட்டில் செல்விக்கு வளைகாப்பு. முதல் வளையலைத் தன் கையால் போட வேண்டும் என்று ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. அப்போது மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பினார்: சேலை கட்டி வந்தால் உள்ளே, இல்லையென்றால் ஆண்களோடு வெளியே.

“ஒரு மணி நேரந்தானே, கட்டிக்கிட வேண்டியதுதானே அக்கா” என்றேன்.

“நேத்து கட்டிப் பாத்தேன் அண்ணே. கண்ணாடியில வேற யாரோ விருந்துக்கு வந்த மாதிரி நிக்கா. சேல கட்டுனாத்தான் பொம்பளன்னா, கட்டாத நேரம் நான் யாராம்?”

கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டேன்.

வளைகாப்பு அன்று இஸ்திரி போட்ட பச்சைக் கட்டச் சட்டையில் வந்து, வெளியே எங்களோடு உட்கார்ந்தாள். உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு, வாசல் வழியாக எட்டிப் பார்த்தோம். செல்விக்குக் கை வீங்கியிருந்ததால் முதல் வளையலே விரல் முட்டியில் நின்று உடைந்துவிட்டது. இரண்டாவதும் போயிற்று. பெண்களின் முகம் வெளுத்தது. செல்வி கையை மடக்கிக்கொண்டாள்.

“எங்க சித்தி வந்தாத்தான் நீட்டுவேன்.”

மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு வந்தார். “உள்ள வாம்மா” என்றார்.

ஸ்பானர் அக்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனாள். செல்வியின் கையில் எண்ணெய் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, வளையலை மெல்லத் திருப்பினாள்.

“ஏட்டி, மூச்ச விடு. பேரிங் ஏத்துத மாதிரிதான்.”

“சித்தி, நான் மெஷின் இல்ல.”

“மெஷினா இருந்தா இதுக்குள்ள நாலு போடு போட்டிருப்பேன்.”

வளையல் ஏறிவிட்டது. அடுத்து ஏறிய எதுவும் உடையவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவே தன் கையை நீட்டிப் போட்டுக்கொண்டார். பிறகு தட்டிலிருந்து இரண்டு சிவப்பு வளையலை எடுத்து, “உன் கையையும் குடும்மா” என்றார்.

“பச்ச எடுங்க. சட்டைக்குப் பொருந்தும்.”

வேலைக்கு வரும்போதும் அவள் அந்தப் பச்சை வளையல்களைக் கழற்றுவதில்லை. மெஷினைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டி வந்தால், இப்போதெல்லாம் அவள் கேட்காமலே நான் ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணாடி வளையல். சட்டென்று உடைந்துவிடும்.