அறுபத்தாறு கால்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கிடங்குக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை என்பதால் லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். லாரியில் வரும் முப்பது மூட்டைச் சோளத்தை இறக்கி, வியாழக்கிழமை முடியும்வரை உங்கள் கிடங்கில் ஒரு மூலையில் வைத்திருக்கவும். ஏன் என்று கேட்பீர்கள்.

ஐந்து வாரம் முன்னால் பல்கலைக்கழகத்தின் பூச்சித் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்ணாடி, தோளில் பை, கையில் பென்சில். “உங்க கிடங்குல ஒரு ஆராய்ச்சி பண்ணணும். உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது” என்றார். சைக்கிளில் ஒரு மூட்டை வைத்துத் தொழிலைத் தொடங்கியவன் நான். ஓசியில் எனக்கு இதுவரை கிடைத்தது உங்கள் அறிவுரை மட்டும்தான். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிச் சமையலறை மேனேஜர் அங்கே பருப்பைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல விஷயம்தானே, வைக்கட்டுமே” என்றுவிட்டார். ஒன்பது வருஷமாக அந்தச் சமையலறைக்குத் தானியம் போடுவது நான். அவரே சொன்ன பிறகு நான் முரண்டு பிடித்தால் ‘இவன் கிடங்கில் என்னமோ இருக்கு’ என்று நினைக்கமாட்டாரா? சரி என்றேன். அந்த அம்மா, இனி பூச்சி டாக்டர், நான்கு இடத்தில் முக்கோண அட்டைக்கூண்டு தொங்கவிட்டார். உள்ளே பசை, நடுவே பட்டாணி அளவில் ஒரு ரப்பர். பெயர் இனக்கவர்ச்சிப் பொறியாம். பெயரைக் கேட்டதும் உங்கள் தங்கை பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“ரப்பர்ல பொண்ணு அந்துப்பூச்சியோட வாசனை இருக்கு. ஆண் பூச்சிங்க தேடி வந்து ஒட்டிக்கும்.”

“அப்ப பொண்ணுங்க?”

“அதுங்க வராதுங்க.”

“வெவரமானதுங்க” என்றாள் உங்கள் தங்கை.

எனக்கு உடனே பொறி தட்டியது. சுத்தமான என் கிடங்கில் வாசனையைக் கட்டிவிட்டால் தெருவில் இருக்கிற ஆண் பூச்சியெல்லாம் இங்கேதானே வரும்? எதிர்க்கடைக்காரன்தான் இந்த அம்மாவை ஏவிவிட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, ஒரு நாள் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு, அவன் கடையிலிருந்து ஏதாவது பறந்து வருகிறதா என்று பார்த்தேன். ஒரு ஈ வந்தது. அதுவும் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று பொறி காலி, பின்வரிசைச் சோளத்துக்கு மேலே தொங்குகிற பொறியில் மட்டும் இரண்டு பேர் ஒட்டிக் கிடக்கிறார்கள். என்ன செய்வேன் மச்சான்? மேனேஜர் காதுக்குப் போனால் ஆஸ்பத்திரி போச்சு. உங்கள் தங்கை புருவம் திருத்துகிற சாமணத்தை எடுத்து இரண்டையும் பிடுங்கிப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் போய்ப் பார்ப்பேன், ஏதாவது ஒட்டியிருந்தால் பிடுங்குவேன். “எனக்குத்தான் புருவம் காடாப் போச்சு, பூச்சிக்காவது விடிவு வருதா?” என்கிறாள் இவள்.

பூச்சி டாக்டர் வாராவாரம் வந்து நான்கு பொறிக்கும் பூஜ்யம் போட்டார். முதல் வாரம் தலையாட்டினார். இரண்டாம் வாரம் பூதக்கண்ணாடி எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “சுத்தம்ங்கறது ஒரு பழக்கம் மேடம்” என்று சொல்லித் தொலைத்தேன். நேற்று வந்து, “ஐயா, உங்களுதை மாதிரிக் கிடங்குன்னு காட்டப்போறோம். வியாழக்கிழமை வியாபாரிங்க, ஆஸ்பத்திரி மேனேஜர் எல்லாரும் வருவாங்க. அடுக்குக்கு ஒரு மூட்டை பிரிச்சுப் பாக்கணும்” என்கிறார். பின்வரிசையில் ஒரு மூட்டையை நானே பிரித்தேன். பிரித்த வேகத்தில் மூடிவிட்டேன். அந்தச் சோளம் எங்கிருந்து வந்தது என்று இங்கே எழுதமாட்டேன். அனுப்பியவருக்குத் தெரியும். ஆகவே அது கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், படிப்பில் கவனம் இருக்கட்டும், பூச்சிப் படிப்பு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: லாரியில் சோளம் வராது. டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பூச்சி டாக்டர் வந்துவிட்டார், கூடவே மேனேஜரும். பின்கதவு திறந்திருக்கிறது, மூன்று மூட்டை ஏறியிருக்கிறது.

“வியாழக்கிழமைன்னு சொன்னா வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன். லாரியத் திறப்பீங்கன்னு நெனைக்கல” என்றார் அந்த அம்மா.

“என்ன மேடம் சொல்றீங்க? பொறியிலதான் ஒண்ணுமே இல்லையே.”

“பூச்சி இல்ல. கால் இருக்கே! சாமணத்தால புடுங்கினா உடம்புதான் வரும், கால் பசையிலேயே நிக்கும். அறுபத்தாறு கால் எண்ணியிருக்கேன். ஆறால வகுத்தா பதினொண்ணு.”

பதினொன்றேதான் மச்சான். இந்த அம்மா வியாபாரத்துக்கு வந்திருந்தால் நான் இன்னும் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருப்பேன். மேனேஜரைப் பார்த்தேன்; ஒன்பது வருஷமும் கண் முன்னால் ஓடியது. அவரோ, “மத்த மூணு பொறியில?” என்று கேட்டார். “ஒரு கால்கூட இல்ல. அந்த ஒரு அடுக்கை மட்டும் தனியா மூடி மருந்து வச்சாப் போதும்” என்றார் பூச்சி டாக்டர். “கால் எண்ணிப் பாத்த கிடங்கு வேற எங்கேயும் கெடையாது” என்று சொல்லி, மேனேஜர் முன்வரிசைப் பருப்பை வழக்கம்போல எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அந்த அம்மா போகவில்லை. “இந்தச் சோளம் எங்க வாங்கினது?” என்றார். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது, உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை நான்கு பொறியோடு அங்கே வருகிறார். டிரைவர் கையில் சாமணம் அனுப்பியிருக்கிறேன். பிடுங்கினால் காலோடு பிடுங்கவும்.